பிரவுசரையும் டவுன்லோட் மேனேஜரையும் எக்ஸ்டென்ஷன் மூலம் சரியாக இணைப்பது எப்படி?

பெரிய ஃபைல்களை அடிக்கடி இறக்குபவருக்குத்தான் தனி டவுன்லோட் மேனேஜர் தேவை. லினக்ஸை நிறுவ உதவும் ஐஎஸ்ஓ ஃபைல், 400 எம்பி ஸ்கேன் புத்தகம், ஒரே பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும் ஐம்பது ஆடியோ ஃபைல்கள் என்றால் அது நிஜமாகவே கைகொடுக்கும். மின்கட்டண ரசீதும் ரயில் டிக்கெட்டும் மட்டும் இறக்குபவர் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், பிரவுசரே போதும்.

குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் டவுன்லோடை நிறுத்தித் தொடரும் வசதி இருக்கிறது. ஆனால் நெட் வெகுநேரம் போய்விட்டாலோ, கரண்ட் போய்க் கம்ப்யூட்டரே அணைந்துவிட்டாலோ, பல சமயம் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். டவுன்லோட் மேனேஜர் எதுவரை வந்தது என்பதை அவ்வப்போது டிஸ்க்கில் எழுதி வைக்கும். தொடர்பு அறுந்தால் தானே மறுபடி முயலும், இரவு டேட்டா இலவசமாகக் கிடைக்கும் நேரத்துக்கு வேலையைத் தள்ளிவைக்கும். இதையெல்லாம் பெற, பிரவுசரில் க்ளிக் செய்த லிங்க் மேனேஜரிடம் போய்ச் சேர வேண்டும். பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரலான எக்ஸ்டென்ஷன்தான் அதற்கான பாலம்.

எக்ஸ்டென்ஷன் எதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது

எக்ஸ்டென்ஷன் எதையும் இறக்குவதில்லை. நீங்கள் லிங்க்கைத் தட்டியதும் பிரவுசர் டவுன்லோடைத் தொடங்குகிறது. எக்ஸ்டென்ஷன் அதை ரத்துசெய்துவிட்டு, ஐந்து விவரங்களைச் சேகரிக்கிறது: ஃபைலின் முகவரி, நீங்கள் லாகின் செய்தவர் என்பதைக் காட்டும் அந்தத் தளத்தின் சிறு பதிவுகளான குக்கிகள், எந்தப் பக்கத்திலிருந்து க்ளிக் செய்தீர்கள் என்னும் ரெஃபரர், பிரவுசரின் அடையாளமான யூசர் ஏஜென்ட், ஃபைலின் பெயர். இவற்றை மேனேஜரிடம் தருகிறது. மேனேஜர் அவற்றை வைத்துக்கொண்டு சர்வரிடம் புதிதாக ஒரு கோரிக்கை அனுப்புகிறது.

இந்தப் 'புதிதாக' என்பதில்தான் முக்கால்வாசிக் கோளாறுகள் பிறக்கின்றன. சர்வரின் பார்வையில் இரண்டாவதாக ஓர் ஆள் வந்து அதே ஃபைலைக் கேட்கிறார். உங்கள் பெயருக்கு வந்த பார்சலை வாங்க வேறொருவரை அனுப்பினால், ஆபீஸ் இருக்கும் தெருவை மட்டும் சொன்னால் போதாது, ரசீதையும் கொடுத்தனுப்ப வேண்டும். இங்கே குக்கிதான் ரசீது. அது போய்ச் சேராத இடத்தில் பார்சலும் கிடைக்காது.

லிங்க் மேனேஜரிடம் போய்ச் சேர மூன்று வழிகள் உள்ளன. முதலாவது நேட்டிவ் மெசேஜிங், அதாவது கம்ப்யூட்டரில் உள்ள ஓர் உதவி நிரலை பிரவுசரே இயக்கி அதோடு பேசுவது. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர், யூகெட் போன்றவை இந்த வழியில் இயங்குகின்றன. மேனேஜரை நிறுவும்போது அது ஒரு சிறு குறிப்பு ஃபைலை வைத்துவிடும். எந்த எக்ஸ்டென்ஷன் எந்த உதவி நிரலை இயக்கலாம், அந்த நிரல் டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்பவை அதில் இருக்கும். விண்டோஸில் அந்தக் குறிப்பு எங்கே உள்ளது என்பதை ரெஜிஸ்ட்ரி சொல்லும். லினக்ஸில் அது பல சமயம் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஃபோல்டரில் கிடக்கும். மேனேஜரின் ஃபோல்டரை இடம் மாற்றினால் எக்ஸ்டென்ஷன் திடீரென்று வேலை செய்யாமல் போவது இதனால்தான். குறிப்பில் பழைய இடம் அப்படியே இருக்கிறது. மேனேஜரை மறுபடி நிறுவினால் சரியாகும்.

இரண்டாவது வழி, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போர்ட் எண்ணில் மேனேஜர் காத்திருப்பது. ஏரியா2 என்ற மேனேஜர் காத்திருக்கும் எண் 6800, மோட்ரிக்ஸ் என்ற மேனேஜருக்கு 16800, ஜேடவுன்லோடர் என்ற மேனேஜரின் க்ளிக்-அண்ட்-லோட் வசதிக்கு 9666. இந்த வகையில் மேனேஜர் ஏற்கெனவே திறந்திருக்க வேண்டும். மூடிக் கிடந்தால் எக்ஸ்டென்ஷன் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும்.

மூன்றாவது வழிக்கு எக்ஸ்டென்ஷனே வேண்டாம். லிங்க்கைக் காப்பி செய்தால் மேனேஜர் க்ளிப்போர்டைக் கவனித்து எடுத்துக்கொள்ளும். ஜேடவுன்லோடர் இதை நன்றாகச் செய்யும். ஆனால் குக்கி போகாது. லாகின் தேவையில்லாத பொது ஃபைல்களுக்கு இதுவே போதும், பாதுகாப்பும் கூட.

எதைத் தேர்ந்தெடுப்பது

விண்டோஸில் புதிதாகத் தொடங்குபவருக்கு ஃப்ரீ டவுன்லோட் மேனேஜரைச் சொல்வோம். இலவசம், மேக்கிலும் லினக்ஸிலும் கிடைக்கிறது. இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் விண்டோஸுக்கு மட்டுமானது, 30 நாள் சோதனைக்குப் பின் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃபைல் ஹோஸ்டிங் தளங்களில் அதிகம் புழங்குபவருக்கு ஜாவாவில் இயங்கும் ஜேடவுன்லோடர் பொருந்தும். லினக்ஸில் கமாண்ட் லைன் பழகியவருக்கு ஏரியா2வை மிஞ்சியது இல்லை.

எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இந்த நிரலின் கையில் உங்கள் லாகின் குக்கிகளைக் கொடுக்கப்போகிறீர்கள். இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரின் கிராக் பதிப்பு என்று சுற்றுபவை எத்தனையோ. அவற்றை நிறுவுவது, வீட்டுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம். காசு கொடுக்க விருப்பமில்லையென்றால் இலவச மேனேஜர்கள் இருக்கின்றன, கிராக் தேவையே இல்லை.

எக்ஸ்டென்ஷன் கடையில் பெயரைத் தேடி, முதலில் வருவதை நிறுவாதீர்கள். பிரபலமான மேனேஜர்களின் பெயரையும் ஐகானையும் போலவே வைத்துக்கொண்ட போலிகள் அங்கே வந்துபோகின்றன. மேனேஜரின் செட்டிங்ஸில் உள்ள பட்டனைத் தட்டி, அது திறக்கும் கடைப் பக்கத்திலிருந்து மட்டும் நிறுவுங்கள். நல்ல எக்ஸ்டென்ஷனும் கைமாறிக் கெட்டுப்போகலாம். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற புகழ்பெற்ற குரோம் எக்ஸ்டென்ஷன் வேறொருவருக்கு விற்கப்பட்டபின், அதில் தீங்கு நிரல் இருப்பதாகச் சொல்லி 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. மேனேஜரின் சொந்தத் தளத்திலும் ஆபத்து நேர்ந்ததுண்டு. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜரின் தளத்துக்கு வந்த லினக்ஸ் பயனர்களில் சிலர் 2020 முதல் 2022 வரை தீங்கு நிரல் கலந்த டெபியன் (லினக்ஸின் ஒரு வகை) நிறுவல் பொதிக்குத் திருப்பிவிடப்பட்டார்கள் என்பதை 2023 செப்டம்பரில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி வெளிப்படுத்தியது. ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் நிறுவனமும் ஒப்புக்கொண்டு, சோதித்துப் பார்க்கும் வழியை வெளியிட்டது. அந்த ஆண்டுகளில் லினக்ஸில் அதை நிறுவியவர்கள் இன்றும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

நிறுவும் முறை

விண்டோஸ் 10 அல்லது 11, குரோம், ஃப்ரீ டவுன்லோட் மேனேஜர் 6 என்று வைத்துக்கொள்வோம். எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் ஏறக்குறைய இதே படிகள்தான். மெனுப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் மாறும்.

1. குரோமில் வேறு டவுன்லோட் எக்ஸ்டென்ஷன் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இரண்டு எக்ஸ்டென்ஷன்கள் ஒரே டவுன்லோடைப் பிடிக்கப் பாய்ந்தால், ஒன்று ரத்துசெய்ததை மற்றொன்று தேடும். ஃபைல் இரண்டுமுறை இறங்கும், அல்லது ஒருமுறையும் இறங்காது.

2. குரோம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஒவ்வொரு ஃபைலையும் எங்கே சேமிப்பது என்று கேட்கும் ஆப்ஷனை அணையுங்கள். அது இயங்கினால் பிரவுசரின் சேமிப்பு ஜன்னல் முதலில் வந்து குழப்பும்.

3. மேனேஜரை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவி, ஒருமுறை திறந்து பாருங்கள். நேட்டிவ் மெசேஜிங்குக்கான குறிப்பு ஒழுங்காகப் பதிவாக வேண்டும் என்பதால் எக்ஸ்டென்ஷனுக்கு முன் இதைச் செய்வது நல்லது.

4. மேனேஜரின் செட்டிங்ஸில் பிரவுசர் இன்டகிரேஷன் பகுதியைத் திறந்து, குரோமுக்கான பட்டனைத் தட்டுங்கள். கடைப் பக்கம் திறக்கும். அங்கே சேர்க்கும் பட்டனை அழுத்துங்கள்.

5. குரோம் அனுமதிகளைப் பட்டியலிடும். எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும், டவுன்லோட்களை நிர்வகிக்கவும், கம்ப்யூட்டரில் உள்ள நிரலோடு பேசவும் என்று இருக்கும். படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த மூன்றும் இல்லாமல் மேலே சொன்ன வேலை நடக்காது. இவற்றுக்கு அப்பால், உங்கள் தேடல் பக்கத்தையே மாற்றுவது போன்ற அனுமதி கேட்டால் அது சரியான எக்ஸ்டென்ஷன் அல்ல. நிறுவ வேண்டாம்.

6. குரோமை முழுவதுமாக மூடித் திறங்கள். ஜன்னலை மூடினாலும் குரோம் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். டாஸ்க்பாரின் வலது மூலையில் அதன் ஐகான் இருக்கிறதா என்று பார்த்து, அங்கிருந்தும் வெளியேறுங்கள்.

ஃபயர்பாக்ஸிலும் எட்ஜிலும் வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நிறுவ வேண்டும். ஒரு பிரவுசரில் நிறுவியது மற்றொன்றுக்குத் தொற்றாது.

சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஃபைல்

டெபியன் தளத்தில் உள்ள நெட்இன்ஸ்ட் எனும் சிறிய நிறுவல் ஐஎஸ்ஓவை இறக்கிப் பாருங்கள். ஒரு ஜிபிக்குக் குறைவு, லாகின் தேவையில்லை, இடையில் நிறுத்தித் தொடர சர்வர் அனுமதிக்கிறது, சரிபார்க்கும் எண்ணும் அதே ஃபோல்டரில் கிடைக்கிறது.

லிங்க்கைத் தட்டியதும் மேனேஜரின் ஜன்னல் முன்னே வர வேண்டும். குரோமின் டவுன்லோட் பட்டியலில் அதே ஃபைல் ரத்தானதாகக் காட்டினால் பதற வேண்டாம், பிரவுசரிடமிருந்து பறித்துக்கொடுத்ததன் அடையாளம் அது. பாதி இறங்கியதும் வைஃபையை அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். பிறகு கம்ப்யூட்டரையே ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் தொடர்ந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது.

இறங்கி முடிந்ததும் சரிபார்ப்பு. செவன்-ஜிப் நிறுவியிருந்தால் ஃபைல்மீது ரைட் க்ளிக் செய்து, சிஆர்சி எஸ்ஹெச்ஏ மெனுவில் எஸ்ஹெச்ஏ-256ஐத் தேர்ந்தெடுங்கள். வரும் நீண்ட எண்ணும் டெபியன் தளம் தரும் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பல துண்டுகளாக இறக்கி ஒட்டப்படும் ஃபைல்களுக்கு இந்தப் பழக்கம் மிகவும் அவசியம்.

மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

எல்லா டவுன்லோடையும் மேனேஜர் பிடிக்க விடாதீர்கள். குறைந்தபட்ச அளவு என்று ஒரு ஆப்ஷன் இருக்கும், அதில் 5 எம்பி என்று வையுங்கள். ரசீது, சான்றிதழ், படிவம் எல்லாம் பிரவுசரிலேயே இறங்கிவிடும். விலக்க வேண்டிய ஃபைல் வகைகளில் பிடிஎஃப்பைச் சேர்ப்பதா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. ஸ்கேன் புத்தகங்கள் இறக்குபவர் சேர்க்க வேண்டாம். விலக்க வேண்டிய தளங்களில் உங்கள் வங்கி, வருமானவரி, பள்ளி கல்லூரிப் போர்ட்டல்களைக் கட்டாயம் சேருங்கள்.

இணைப்புகளின் எண்ணிக்கையில்தான் எல்லோரும் ஆசைப்பட்டுத் தவறு செய்கிறார்கள். ஒரு ஃபைலைப் பல இணைப்புகளில் துண்டு துண்டாக இறக்கினால் வேகம் கூடும் என்பது ஒரு நிபந்தனையோடு மட்டுமே உண்மை. சர்வர் ஒவ்வோர் இணைப்புக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருந்தால், அல்லது தொலைதூரத்தில் இருந்து ஒற்றை இணைப்பு வேகமெடுக்கத் திணறினால், துண்டாக்குவது உதவும். உங்கள் லைனே நிரம்பிவிட்டால் உதவாது. 100 எம்பிபிஎஸ் லைனில் உச்சம் நொடிக்கு 12.5 எம்பி. பிரவுசரிலேயே 11 எம்பி வருகிறது என்றால் 32 இணைப்பு போட்டாலும் பயனில்லை.

4 முதல் 8 வரை வைத்தால் போதும். இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் 32 வரை அனுமதிக்கிறது என்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை. பல சர்வர்கள் ஒரே முகவரியிலிருந்து நிறைய இணைப்புகள் வந்தால் 429 அல்லது 503 என்று பதில் சொல்லி மறுத்துவிடும், சில தற்காலிகமாகத் தடையே போட்டுவிடும். ஆர்கைவ் டாட் ஆர்க் போல நன்கொடையில் ஓடும் தளங்களிலும் தன்னார்வலர்கள் நடத்தும் தளங்களிலும் ஒரு சமயத்தில் இரண்டு ஃபைல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு இணைப்பு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். நமக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகும். அந்தப் பக்கம் வேறு யாரோ ஒருவருக்கும் புத்தகம் திறக்கும்.

வீட்டில் மற்றவர்களும் அதே வைஃபையில் இருந்தால் வேக வரம்பு வையுங்கள். ஃப்ரீ டவுன்லோட் மேனேஜரில் நத்தைப் படம் போட்ட பட்டன் ஒன்று உண்டு. தட்டினால் டவுன்லோட் ஒதுங்கி நடந்து, வீடியோ கால் பேசுபவருக்கு வழிவிடும்.

அடுத்தது தற்காலிக ஃபோல்டர். இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜர் துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்துவைத்து, கடைசியில் ஒட்டி மற்றோர் இடத்தில் வைக்கும். துண்டுகள் இருக்கும் இடம் இயல்பாக சி டிரைவ். 20 ஜிபி ஃபைலை டி டிரைவில் சேமிக்கச் சொன்னாலும் சி டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்க வேண்டும். ஒட்டும்போது டிஸ்க் நிரம்பியதாகப் பிழை வருவதும், 99 சதவீதத்தில் வெகுநேரம் நிற்பதும் இதனால்தான். செட்டிங்ஸில் தற்காலிக ஃபோல்டரையும் டி டிரைவுக்கே மாற்றிவிடுங்கள். பென்டிரைவிலோ பழைய ஹார்டு டிஸ்க்கிலோ நேரடியாக இறக்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்யப்பட்ட டிரைவில் 4 ஜிபியைத் தொடும் ஒற்றை ஃபைலை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வேண்டும்.

தகராறு வந்தால்

மிக அதிகமாக வரும் புகார் இது: 2 ஜிபி ஜிப் ஃபைல் இரண்டே நொடியில் முடிந்துவிட்டது, திறந்தால் கெட்டுப்போனதாகச் சொல்கிறது. ஃபைலின் அளவைப் பாருங்கள். 10, 20 கேபி என்று இருக்கும். நோட்பேடில் இழுத்துப் போட்டால் உள்ளே வலைப்பக்கத்தின் ஹெச்டிஎம்எல் வரிகள் தெரியும். அது ஜிப் அல்ல, லாகின் பக்கம். குக்கி போய்ச் சேராததால் 'முதலில் உள்ளே வாருங்கள்' என்று சர்வர் சொன்ன பதிலை மேனேஜர் ஜிப் என்ற பெயரில் சேமித்துவிட்டது.

குக்கி ஏன் போகவில்லை? குரோமில் எக்ஸ்டென்ஷனின் விவரப் பக்கத்தைத் திறந்து, தள அணுகல் 'எல்லாத் தளங்களிலும்' என்று இருக்கிறதா பாருங்கள். க்ளிக் செய்தால் மட்டும் என்று மாறியிருந்தால் எக்ஸ்டென்ஷனால் குக்கியைப் படிக்க முடியாது. இன்காக்னிட்டோ ஜன்னலில் லாகின் செய்திருந்தால் அதற்கான அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஃபயர்பாக்ஸில் கன்டெய்னர் டேப்கள் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் குக்கி தனி என்பதால், எக்ஸ்டென்ஷன் தவறான கன்டெய்னரிலிருந்து எடுத்துக்கொடுக்கலாம். அந்தத் தளத்தைச் சாதாரண டேபில் திறந்து முயலுங்கள்.

403 என்ற பிழை எண் வந்தால் சர்வர் கோரிக்கையைப் புரிந்துகொண்டும் மறுக்கிறது என்று பொருள். பிரவுசரில் விபிஎன் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறீர்களா? அது பிரவுசரின் போக்குவரத்தை மட்டும்தான் வேறு வழியில் அனுப்பும். மேனேஜர் உங்கள் உண்மையான ஐபி முகவரியிலிருந்து போய் நிற்கும். லிங்க் ஐபிக்குப் பூட்டப்பட்டிருந்தால் கதவு திறக்காது. கம்ப்யூட்டர் முழுவதற்குமான விபிஎன் நிரலைப் பயன்படுத்தினாலோ, விபிஎன்னையே அணைத்துவிட்டு லிங்க்கைப் புதிதாக எடுத்தாலோ சரியாகும். 'நீங்கள் மனிதர்தானா' என்று சோதிக்கும் தளங்களிலும் 403 வரும். அந்தச் சோதனையில் தேறியது பிரவுசர், மேனேஜர் அல்ல. அங்கே பிரவுசரிலேயே இறக்குங்கள்.

நேற்று பாதியில் நிறுத்தியது இன்று தொடர மறுக்கிறதா? லிங்க்கின் ஆயுள் முடிந்திருக்கும். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பின் வெளியீடுகள் உட்படப் பல இடங்களில் க்ளிக் செய்ததும் காலக்கெடுவோடு கையெழுத்திட்ட தற்காலிக முகவரி ஒன்றுக்குத் திருப்பிவிடுவார்கள். கெடு தாண்டினால் அந்த முகவரி செத்துவிடும். இறங்கியதை அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டாம். பழைய பக்கத்துக்குப் போய்ப் புதிய லிங்க்கை எடுத்து, மேனேஜரில் அந்த டவுன்லோடின் முகவரியை மட்டும் மாற்றுங்கள். இன்டர்நெட் டவுன்லோட் மேனேஜரில் அதற்கென்றே ரிஃப்ரெஷ் ஆப்ஷன் ரைட் க்ளிக் மெனுவில் இருக்கிறது. மாற்றுவதற்குமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: சர்வரில் இருப்பது இன்னும் அதே ஃபைல்தானா? 'சமீபத்திய பதிப்பு' என்ற பொது லிங்க் என்றால், ராத்திரியோடு ராத்திரியாகப் புதிய பதிப்பு வந்திருக்கலாம். பழையதின் பாதியும் புதியதின் பாதியும் ஒட்டிக்கொண்டால் அந்த ஃபைல் எதற்கும் உதவாது. மொத்த அளவு ஒரு பைட் மாறியிருந்தாலும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

சில டவுன்லோட்கள் தொடரவே தொடராது, துண்டாகவும் பிரியாது. குறிப்பிட்ட பைட்டிலிருந்து கேட்டால் 206 என்று பதில் சொல்லி மீதியைத் தருகிற சர்வரில்தான் தொடர முடியும். சில தளங்களில் ஒரு முழு ஃபோல்டரை இறக்கும்போது ஜிப் அப்போதுதான் கட்டப்படுகிறது. கட்டி முடியும் வரை மொத்த அளவு சர்வருக்கே தெரியாது என்றால் எந்த பைட்டிலிருந்து தொடர்வது? கிட்ஹப்பில் சோர்ஸ் கோடை ஜிப்பாக எடுப்பதும் இப்படித்தான். மொத்த அளவு தெரியாது என்று மேனேஜர் காட்டினால், நெட் நிலையாக இருக்கும் நேரத்தில் ஒரே மூச்சில் இறக்கிவிடுங்கள்.

மேனேஜரிடம் கொடுக்கவே முடியாதவையும் உண்டு. வாட்ஸப் வெப்பில் ஒரு வீடியோவைச் சேமிக்கும்போது அது ஏற்கெனவே பிரவுசரின் நினைவகத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அதன் முகவரி 'பிளாப்' என்று தொடங்கும், அந்த டேபுக்கு வெளியே அதற்கு அர்த்தம் இல்லை. மெகா என்ற ஃபைல் சேமிப்புத் தளத்தில் ஃபைல் பூட்டப்பட்ட நிலையில் வந்து, பிரவுசருக்குள்தான் திறக்கப்படுகிறது. பொதுவான மேனேஜர்களுக்கு அதைத் திறக்கத் தெரியாது, ஜேடவுன்லோடருக்குத் தெரியும். படிவம் நிரப்பிப் பட்டனை அழுத்தியதும் வரும் சான்றிதழ்களும் இந்தக் கணக்கில் சேரும். பிரவுசர் படிவத்தோடு அனுப்பிய கோரிக்கையை மேனேஜர் வெறும் முகவரியாகத் திரும்பக் கேட்கும்போது சர்வர் பிழைப் பக்கத்தைத்தான் தரும். ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் லிங்க் என்றால் நிலைமை இன்னும் மோசம். பிரவுசர் தொட்டதோடு அந்த ஒருமுறை தீர்ந்துவிடும். கட்டணம் கட்டி வாங்கிய ஃபைலுக்கு மூன்று முறைதான் இறக்கலாம் என்று வரம்பு இருந்தால், எக்ஸ்டென்ஷனை அணைத்துவிட்டு இறக்குங்கள்.

க்ளிக் செய்தால் எதுவுமே நடக்கவில்லையா? எக்ஸ்டென்ஷன் ஐகானைத் தட்டிப் பாருங்கள். மேனேஜரைக் காணோம் என்று சொன்னால் நேட்டிவ் மெசேஜிங் அறுந்திருக்கிறது. மேனேஜரை மறுபடி நிறுவி, பிரவுசரை முழுவதும் மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இது நடந்தால், வெளி நிரல்களோடு பிரவுசர் பேசுவதை நிர்வாகிகள் தடுத்துவைத்திருக்கலாம். அதை உடைக்கப் பார்க்காமல் அவர்களிடமே கேளுங்கள்.

தமிழ்ப் பெயருள்ள ஃபைல்கள்

தமிழ் மின்னூல்களை இறக்குபவர்களுக்கு இது தனித் தொல்லை. ஃபைலின் பெயர் சதவீதக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட வாலாக வந்து நிற்கும். வலை முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஒவ்வொரு பைட்டும் % குறியோடு 3 எழுத்து, ஆக 9 எழுத்து. 'தமிழ்' என்பது கணினிக்கு ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. முகவரியில் அது 45 எழுத்தாக விரியும். விண்டோஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 எழுத்துதான் உச்சம். விரிந்த வடிவிலேயே சேமிக்கப் பார்த்தால் 28 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. ஒரு நடுத்தர நூல் தலைப்பே அதைத் தாண்டிவிடும். உடனே 'பெயர் செல்லாது' என்று டவுன்லோட் தொடக்கத்திலேயே நின்றுவிடும்.

லினக்ஸில் வழக்கமான எக்ஸ்ட்4 டிஸ்க்கில் வரம்பு 255 பைட். அங்கே தமிழாகவே சேமித்தாலும் 85 குறியீடுகள்தான் கொள்ளும். தீர்வு எளிது. டவுன்லோடை உறுதிசெய்யும் ஜன்னலில் பெயரைச் சுருக்கிவிட்டுத் தொடங்குங்கள், கடைசியில் உள்ள ஃபைல் வகையை மட்டும் அழித்துவிடாதீர்கள். உறுதி கேட்காமல் தொடங்கும் ஆப்ஷனைத் தமிழ் நூல்கள் இறக்குபவர்கள் போடாமல் இருப்பது நல்லது. சேமிக்கும் ஃபோல்டரையும் ஆழமாக வைக்காதீர்கள். விண்டோஸின் பழைய நிரல்கள் பலவற்றுக்கு முழுப் பாதையும் சேர்ந்தே 260 எழுத்துதான்.

லினக்ஸ் பயனர்களுக்கு

உபுண்டு 21.10 முதல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொதியாக வருகிறது. ஸ்னாப் என்பது வேலிக்குள் ஓடும் நிரல், வெளியே இருக்கும் மேனேஜரை அது நேரடியாக இயக்க முடியாது. எக்ஸ்டென்ஷன் முதல்முறை பேச முயலும்போது அனுமதி கேட்டு ஒரு ஜன்னல் வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அப்படியும் மக்கர் செய்தால் ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொஸில்லாவின் சொந்த ஏபிடி களஞ்சியத்திலிருந்து, வேலி இல்லாத டெப் பொதியை நிறுவலாம். 2024 ஜனவரியில், ஃபயர்பாக்ஸ் 122 முதல் இது கிடைக்கிறது.

ஏரியா2வை நிறுவியவர்கள் 'வேகமே கூடவில்லை' என்று குழம்புவதுண்டு. இயல்பு அமைப்பில் அது ஒரு சர்வருக்கு ஒரே ஓர் இணைப்புதான் போடும். செட்டிங்ஸ் ஃபைலில் அந்த எண்ணை 4 என்று மாற்ற வேண்டும், உச்சம் 16. துண்டின் குறைந்தபட்ச அளவும் 20 எம்பி என்று இருக்கும். 40 எம்பிக்குக் குறைவான ஃபைலை அது பிரிக்கவே பிரிக்காது. சின்ன ஃபைல்களையும் பிரிக்க வேண்டுமென்றால் அதை 5 எம்பியாகக் குறையுங்கள். இறங்கும் ஃபைலுக்குப் பக்கத்தில் அதே பெயரில், ஏரியா2 என்ற வாலோடு ஒரு சிறு ஃபைல் கிடக்கும். எதுவரை வந்தது என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது, குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

6800 போர்ட்டைத் திறக்கும்போது ரகசியச் சொல் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், அதையே எக்ஸ்டென்ஷனிலும் கொடுங்கள். சொல் இல்லாத போர்ட்டுக்கு, நீங்கள் திறக்கும் ஏதோ ஒரு வலைப்பக்கமே கட்டளை அனுப்பி, உங்கள் பெயரில் எந்த ஃபோல்டரிலும் ஃபைல் எழுத வைக்கப் பார்க்கலாம். வெளி முகவரிகளிலிருந்தும் கேட்கும்படி திறந்துவிடுவதைப் பொது வைஃபையில் செய்யவே கூடாது.

போனில் செய்ய நினைப்பவர்கள் எக்ஸ்டென்ஷன் தேட வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸிலேயே வெளி டவுன்லோட் மேனேஜரைப் பயன்படுத்தும் ஆப்ஷன் இருக்கிறது. குரோமில் லிங்க்கை அழுத்திப் பிடித்து, மேனேஜர் ஆப்புக்குப் பகிரலாம்.

மேனேஜர் வேண்டாம் என்று முடிவு செய்தால், எக்ஸ்டென்ஷனை முதலில் நீக்கி, பிறகு மேனேஜரை நீக்குங்கள். வரிசை மாறி எக்ஸ்டென்ஷன் மட்டும் தங்கிவிட்டால், அது பிரவுசரின் டவுன்லோட்களை ரத்துசெய்துவிட்டு இல்லாத மேனேஜரிடம் கொடுக்கப் பார்க்கலாம். பிரவுசரே கெட்டுவிட்டது என்று நினைத்து அதை அழித்து மறுபடி நிறுவுவதற்கு முன், எக்ஸ்டென்ஷன் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள்.